கஞ்சில் 850: பாலத்தில் சரியாக ஓடுகிறது, மலையேறினால் கொதிக்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

ஆயர் ஈத்தாம் வாசி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். அப்பாவின் கஞ்சில் 850 சின்னக் கார், 1999-ஆம் ஆண்டுக் காடி. மேனுவல் கியர், கார்புரேட்டர். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா ஓட்டுவதில்லை. நான்கு மாதமாக நான்தான் ஆயர் ஈத்தாமிலிருந்து பிறைக்கு வேலைக்கு எடுத்துப் போகிறேன்.

காலையில் பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் சூட்டு முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. மாலையில் ஜாமில் மாட்டினால் பத்தே நிமிடத்தில் முக்காலுக்கு ஏறிவிடும். போன ஞாயிறு பெரியம்மா வீட்டுக்கு ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் போனேன். ஏற்றத்தில் பாதி தாண்டுவதற்குள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. டுரியான் கடை ஒன்றின் ஓரம் நிறுத்திப் பார்த்தால் ரிசர்வ் டேங்கில் தண்ணீர் கொதித்து வழிகிறது. அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். பயந்துபோய்விட்டார்.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள போமன் (மெக்கானிக்) பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 1,800 வெள்ளி" என்றார். இன்னொருவர் ஹாஃப்கட் எஞ்சின், அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியின் எஞ்சின், மாற்றிவிடு என்கிறார். இருவருமே எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன், குழாய்த் தண்ணீர்தான்.

செலவு செய்யத் தயங்கவில்லை. எதற்குச் செலவு செய்கிறேன் என்று தெரிந்து செய்ய வேண்டும். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?


பட்டர்வொர்த் பழைய பட்டறை | செவ்வாய், இரவு 11.25

தம்பி, முதலில் ஒன்று. ஓவர்ஹாலுக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருடம் பட்டறை வைத்திருந்த என்னாலும் முடியாது.

நீங்கள் எழுதியதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டறைக்கு வருகிற பத்தில் ஒன்பது பேர் "சூடாகுது" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

காடி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து தண்ணீரைக் குளிர்விக்கும். ஜாமில் அந்தக் காற்று கிடையாது, ஃபேன்தான் காற்றைத் தர வேண்டும். அதனால் ஓட்டத்தில் சரியாக இருந்து ஜாமில் மட்டும் சூடானால் முதலில் ஃபேனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏற்றத்தின் கதை வேறு. எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது, சூடு பல மடங்கு கூடுகிறது, காடியின் வேகமோ குறைவு. அங்கே தண்ணீர் ஓட்டமும் ரேடியேட்டரின் கொள்ளளவும் சோதனைக்கு வருகின்றன. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் தட்டையான சாலையில் தாக்குப்பிடிக்கும், மலையில் கைவிட்டுவிடும்.

உங்கள் காடி இரண்டு இடத்திலும் சூடாகிறது. ஒரே கோளாறா, இரண்டு கோளாறா என்பது இப்போதைக்குத் தெரியாது. நாளை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் என்ன நிறம்? மூடி திறந்தபடியே எஞ்சினை முடுக்கினால் நிற்காமல் குமிழி வருகிறதா? எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கசடு இருக்கிறதா? குமிழியும் கசடும் கேஸ்கட் போனதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்புறம், ரேடியேட்டர் மூடியைப் போட்டு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். முக்காலுக்குப் போனால் அணைத்துவிடுங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும், அதுதான் அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவனின் கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.


பந்தாய் டாலாம் | புதன், காலை 7.50

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடத்துக்கு மேலான காடி. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாலத்தில் லாரிகளுக்கு நடுவே போகிறீர்கள். இதில் போடுகிற பணத்தைச் சேர்த்துவைத்துப் பழைய மைவி ஒன்றுக்கு முன்பணம் கட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து. என் தங்கை ஒரு சின்ன விபத்தில் சிக்கிய பிறகுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது.


செந்தூல் மாலா | புதன், காலை 9.10

பாதுகாப்பைப் பற்றி பந்தாய் டாலாம் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். என் கஞ்சிலையும் நான் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுவதில்லை. ஆனால் எல்லோராலும் மாதத் தவணை கட்ட முடிவதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், தனி வருமானம். 1000 சிசிக்கு உட்பட்ட காடி என்பதால் வருடத்துக்குச் சாலை வரி 20 வெள்ளிதான். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பள்ளி, சந்தை, வேலை மூன்றுக்கும் இது போதும். அது நம்பகமாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் வாசிக்கு என் அனுபவம் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்பு ஜாலான் ஈப்போவில் முள் சிவப்புக்குப் போனது. வீடு மூன்று கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று ஓட்டிவிட்டேன். அந்த மூன்று கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிட்டது. அலுமினிய ஹெட், சூடு தாங்காது. கழற்றி, கடைக்கு அனுப்பிச் சீவி, புது கேஸ்கட் போட்டு முடிக்க ஒரு வாரமும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கும் போயின. ஆரம்பத்தில் கோளாறு என்ன தெரியுமா? கீழே உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல். அதை அப்போதே மாற்றியிருந்தால் இருபது முப்பது வெள்ளியோடு முடிந்திருக்கும்.

நீங்கள் ஏற்றத்தில் உடனே நிறுத்தினீர்களே, அது பெரிய விஷயம். பெரும்பாலும் ஹெட்டைக் காப்பாற்றியிருப்பீர்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் புத்தகம் காடியிலேயே வையுங்கள். தேதி, கிலோமீட்டர், எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன், எதை மாற்றினேன் என்று நான் அதில் எழுதுகிறேன். எந்தப் போமனிடம் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகு பேசும் தொனியே மாறிவிடுகிறது.


ஆயர் ஈத்தாம் வாசி | புதன், இரவு 8.30

அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன நான்கையும் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் தே தாரே (பால் தேநீர்) நிறத்தில் இருக்கிறது. விரலில் தேய்த்தால் துரு மணல் மாதிரி ஒட்டுகிறது. குமிழி முதலில் இரண்டு மூன்று வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எண்ணெய் மூடி சுத்தம், வெள்ளைக் கசடு எதுவும் இல்லை. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை இல்லை.

ஃபேன் சுற்றவே இல்லை. முள் முக்காலைத் தொட்டதும் அணைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், இந்த நான்கு மாதத்தில் அந்த ஃபேன் சத்தத்தை நான் கேட்ட நினைவே இல்லை.

பந்தாய் டாலாம், நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. புதுக் காடி வாங்கும் யோசனை இருக்கிறது, அடுத்த வருடம். அதுவரை இதை ஒழுங்காக வைக்க வேண்டும்.


பிறை வயர்மேன் | புதன், இரவு 9.05

ஃபேனை நான் சொல்கிறேன், இது என் தொழில். சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றாதீர்கள். முதலில் மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் அணைத்த நிலையில் ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு வயர் நேராகக் கொடுங்கள். கை, சட்டை எதுவும் இறக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. சுற்றவில்லை என்றால் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் மோட்டார் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று சுற்றும், நாளை நிற்கும். அதை நம்பிப் பாலம் ஏறாதீர்கள்.

மோட்டார் நன்றாக இருந்தால் அப்புறம் ஃபியூஸ், ரிலே, கடைசியில் சூட்டு சுவிட்ச். கடற்கரையை ஒட்டிய ஊர் நம்முடையது. பழைய காடிகளில் சாக்கெட் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். ஒரு சின்னத் துண்டு உப்புத்தாளால் சுரண்டிவிட்டாலே பாதி கோளாறு போய்விடும்.


ஆயர் ஈத்தாம் வாசி | சனி, மாலை 6.15

தட்டினால் சுற்றுகிறது, விட்டால் நிற்கிறது. பிரஷ்தான். பட்டர்வொர்த்தில் பழைய சாமான் கடை ஒன்றில் நல்ல மோட்டார் 60 வெள்ளிக்குக் கிடைத்தது. கடையிலேயே பேட்டரியில் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லி வாங்கினேன். மாட்டிய பிறகு ஃபேன் தானாகவே ஓடி, தானாகவே நிற்கிறது. நேற்று மாலை பாலத்து ஜாமில் முக்கால் மணி நேரம் நின்றேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

ஆனால் இன்று காலை துன் சார்டோனில் ஏறிப் பார்த்தேன். ஏசி போடவில்லை, நான் மட்டும்தான். ஃபேன் ஓடுகிறது, இருந்தும் முக்கால் பங்குக்கு ஏறிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.


சுங்கை நிபோங் | சனி, இரவு 7.40

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள். நம் நாட்டு வெயிலுக்கு அது தேவையே இல்லை, குளிர் நாட்டுக்காரனுக்காகச் செய்தது. என் மாமாவின் சாகா பத்து வருடமாக அது இல்லாமல்தான் ஓடுகிறது.


பட்டர்வொர்த் பழைய பட்டறை | சனி, இரவு 9.50

இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், சுங்கை நிபோங் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டுகிற வாக்கில் திறக்கும், அதுவரை மூடியிருக்கும். வெளியே பனியா வெயிலா என்பது இரண்டாம்பட்சம். எஞ்சினுக்குள் 85, 90 டிகிரி இருந்தால்தான் எண்ணெய் சரியான பதத்தில் ஓடும், பெட்ரோல் சரியாக ஆவியாகும், பிஸ்டன் வளையங்கள் சரியான இடைவெளியில் உரசும். வெளியே நம் 32 டிகிரி இருந்தாலும் அந்த 90-க்கு இன்னும் 58 டிகிரி ஏற வேண்டும். கதவை எடுத்துவிட்டால் எஞ்சின் பாதிச் சூட்டிலேயே ஓடும். கார்புரேட்டர் காடியில் பெட்ரோல் அதிகம் குடிக்கும், பிளக் கறுக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும். பத்து வருடம் ஓடும்தான். ஆனால் தேய்ந்துகொண்டே ஓடும்.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத காடியில் உண்மையான கோளாறு மறைந்துபோகிறது. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டே வரும், முள் காட்டாது. ஏனென்றால் தட்டைச் சாலையில் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் குளிர்ந்தே இருக்கும். ஒருநாள் மலையில் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் சுற்றுவழி நிரந்தரமாகத் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

இறுகிப்போய்த் திறக்காத தெர்மோஸ்டாட்டும் மலையில் சூடாக்கும், அது உண்மை. அப்படி இருந்தால் புதிது வாங்கிப் போட வேண்டும்.

தம்பி, உங்கள் காடியில் அதன் கூட்டைத் திறந்து பாருங்கள். எடுத்து வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று சோதியுங்கள்.


ஆயர் ஈத்தாம் வாசி | ஞாயிறு, மதியம் 1.20

அண்ணே, திறந்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. கூடு வெறும் கூடாக இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு ஒரு தைப்பூசத்து இரவு, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஜாலான் கெபுன் பூங்கா ஜாமில் காடி கொதித்துவிட்டதாம். நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம். தெரியாத ஒரு மெக்கானிக், தானும் சாமி கும்பிட வந்தவர், சாலையோரத்திலேயே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கோயில் தண்ணீர்ப் பந்தலிலிருந்து தண்ணீர் வாங்கி ஊற்றி, எங்களை வீடு சேர்த்தாராம். காசு வாங்கவில்லையாம். "நாளைக்குக் கடைக்குப் போய் புதுசு போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா மறந்துவிட்டார். அதிலிருந்து குழாய்த் தண்ணீர்தான்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். அந்த இரவு லேசாக நினைவிருக்கிறது. காடி நின்றது மட்டும் நினைவில் இல்லை.


பட்டர்வொர்த் பழைய பட்டறை | ஞாயிறு, மதியம் 2.05

அந்த மனிதர் செய்தது சரியான வேலை. குழந்தைகளோடு நடுச்சாலையில் நிற்கிற குடும்பத்துக்கு அதுதான் முதலுதவி. "புதுசு போடுங்க" என்றும் சொல்லியிருக்கிறாரே.

இப்போது படம் தெளிவாகிவிட்டது. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, அதில் வருடக்கணக்காகக் கூலண்ட் (துருவைத் தடுக்கும் திரவம்) இல்லாத தண்ணீர். துரு உதிர்ந்து போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்திருக்கும். அடைப்பு எவ்வளவு என்று கழற்றாமலே பார்க்கலாம். சூடு அளக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, விலை அதிகமில்லை. எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது, ஃபேன் ஓடாத நேரத்தில் ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். தண்ணீர் நுழைகிற பக்கத்திலிருந்து வெளியேறுகிற பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம்.


ஆயர் ஈத்தாம் வாசி | திங்கள், இரவு 10.10

வேலையிடத்தில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிற நண்பரிடம் அந்தக் கருவியை இரவல் வாங்கினேன். மேலே 87, 88. கீழே ஒரு மூலை முழுக்க 49, 50. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்துக் கிடக்கிறது.


செந்தூல் மாலா | திங்கள், இரவு 10.30

உங்களுடையது பிளாஸ்டிக் தலை வைத்த அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் கழுவிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் உளுத்திருக்கும், கழுவியதும் விளிம்பில் ஒழுக ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. செம்பு ரேடியேட்டர் என்றால் கடையில் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருவார்கள், அது வேறு விஷயம். புதிது போடும்போது மேல் கீழ் ஹோஸ் இரண்டையும், கிளிப்பையும், மூடியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கழற்றின கையோடு செய்தால் கூலி ஒன்றுதான்.


பட்டர்வொர்த் பழைய பட்டறை | திங்கள், இரவு 11.00

மாலா சொல்வதுதான் சரி. ஆனால் புது ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன்னால் பிளாக்கைக் கழுவ வேண்டும். இதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். பிளாக்கில் மிச்சமிருக்கிற துரு ஆறே மாதத்தில் புதியதையும் அடைத்துவிடும். ஹோஸ் கழற்றிய நிலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, தோட்டக் குழாயால் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை எதிர்ப்பக்கம் என்று தண்ணீர் விடுங்கள். தெளிவாக வரும்வரை விடுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சுற்றிக் காய்ந்த துருக் கறை இருந்தால் உள் சீல் போய்விட்டது. நீங்கள் வாரம் ஒரு லிட்டர் ஊற்றியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் புதிது, கேஸ்கட்டும் புதிது. கூலண்ட்டை வடிகட்டிய நீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள், இல்லையென்றால் கலந்தே விற்பதை வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஊற்றும்போது காடியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைப் பிசைந்துவிட்டு, காற்று வெளியேற வெளியேற ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போதும் ஊற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் எல்லாம் புதிதாக இருந்தும் முள் ஆடும், மறுபடியும் "ஹெட் கேஸ்கட்" என்பார்கள்.


ஆயர் ஈத்தாம் வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 9.20

வேலை முடிந்தது. ரேடியேட்டர், மூடி, இரண்டு ஹோஸ், கிளிப்புகள், தெர்மோஸ்டாட், கூலண்ட், முன்பு வாங்கிய ஃபேன் மோட்டார் எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. கூலி இல்லை, நானும் நண்பரும் வீட்டு வாசலிலேயே செய்தோம். வாட்டர் பம்ப்பில் கறை இல்லை, அதனால் அதைத் தொடவில்லை. பிளாக்கைக் கழுவியபோது முதல் இருபது நிமிடம் செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் விடு, இன்னும் விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்று மதியம் அம்மா, அப்பா, நான், மூவரும் ஏசி போட்டுக்கொண்டு துன் சார்டோன் ஏறினோம். உச்சி வரை இரண்டாவது கியர், மூன்றாவது கியர். முள் பாதிக்கு ஒரு நூல் கீழே நின்றது, அசையவில்லை. பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பினோம். காலையில் எஞ்சின் முன்பைவிடச் சீக்கிரம் சூடாகி, சீராக ஓடுகிறது. பெட்ரோலில் மாற்றம் இருக்கிறதா என்று அக்கா சொன்ன நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். இறங்கி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரிசர்வ் டேங்கில் மட்டம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. மறுபடியும் கொதிக்கிறதா?


பட்டர்வொர்த் பழைய பட்டறை | அடுத்த ஞாயிறு, இரவு 9.45

இல்லை தம்பி, அது சரிதான். சூட்டில் விரிந்த தண்ணீர் மூடி வழியாக டேங்குக்கு வருகிறது. குளிரும்போது மூடியிலுள்ள சின்ன வால்வு அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாளைக் காலை எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால் பாருங்கள், கோட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் டேங்குக்குப் போகிற அந்த மெல்லிய ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துவிடும்.


ஆயர் ஈத்தாம் வாசி | திங்கள், காலை 6.35

இறங்கியிருக்கிறது அண்ணே, சரியாகக் கோட்டில் நிற்கிறது. வேலைக்குக் கிளம்புகிறேன்.